அண்ணி மரம்

மார்ச் 6

அண்ணிக்கு,

மேலே ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன், பார்த்தீர்களா? 'அன்புள்ள' என்று போட்டு ஆரம்பி என்று அண்ணன் சொன்னான். கை வரவில்லை. வரும்போது நிரப்பிக்கொள்கிறேன்.

எழுதச் சொன்னதும் அவன்தான். போன வாரம் ஃபோனில் நாம் கத்திய கத்தலுக்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசினா எனக்குக் காது அடைச்சுப் போகுது. எழுதிக்கங்க. எழுதினாலாவது ஒருத்தர் முடிச்சப்புறம்தான் இன்னொருத்தர் ஆரம்பிக்க முடியும்" என்றான். அவன் ஆயுளில் சொன்ன உருப்படியான யோசனைகளில் இதுவும் ஒன்று.

பூங்காவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சீசன் வேலை, ஆகஸ்ட் முடிய. காலையில் நடைபாதையில் இலை வாருவது, பெஞ்சு துடைப்பது, குப்பைத் தொட்டி காலி செய்வது, செடிக்குத் தண்ணீர். பத்து மணிக்குக் கதவு திறந்த பிறகு வருகிறவர்களுக்கு வழி சொல்வது, கேட்டதற்குப் பதில் சொல்வது. அரண்மனை மாதிரிப் பெரிய இடம். ஏரி ஒன்று, அதைச் சுற்றி மரம், மரம், மரம். எங்களுக்குத் தங்க ஓட்டு வீடு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஆறு கட்டில். கதவுக்குப் பக்கத்தில் இருப்பது என்னுடையது, ராத்திரி யார் எழுந்து போனாலும் என் காலில் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். பச்சைச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் என்னைப் போல் இரண்டு பேர் குடும்பம் நடத்தலாம்.

நான் ஏன் கிளம்பினேன் என்று ஃபோனில் பத்துத் தடவை கேட்டீர்கள். சொல்ல விடவில்லை. இங்கே குறுக்கே பேச முடியாது, கேளுங்கள். அன்று பல் டாக்டர் அம்மா திரைச்சீலைக்குத் துணி கொடுக்க வந்தார். "உங்க நாத்தனார் என்ன பண்றாங்க?" என்று கேட்டார். நீங்கள் பல்லில் இருந்த நூலைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னீர்கள்: "அவளா? வீட்டுல சும்மாதான் இருக்கா." நான் அவருக்கு டீ எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். காலையில் எழுந்து மூன்று பேருக்குச் சமைத்து, துவைத்து, பெருக்கி, மிச்ச நேரத்தில் நீங்கள் தைத்த சட்டைக்கெல்லாம் பொத்தான் வைத்துக்கொடுத்து, அதன் பெயர் சும்மா இருப்பதா அண்ணி? உங்கள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்டுக்குப் பிறகு எங்கே போவேன் என்று நான் இன்னும் யோசிக்கவில்லை. என் அறையைப் பற்றி நீங்கள் யோசித்துவிட்டதாகக் கேள்வி.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

&nbsp;

மார்ச் 19

வாத்துக்கு,

'உங்கள் நாத்தனார்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். யார் அது? நடை பழகும்போதே உன் அண்ணன் வைத்த பேர் வாத்து. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன், கோபத்துக்காக மாற்றிக்கொள்ள முடியாது. நீ இடம் விட்ட சொல்லை நானும் போடவில்லை. ஒரு பக்கம் காஜா இல்லாமல் மறுபக்கம் பொத்தான் வைத்து என்ன பிரயோஜனம்?

சொன்னேன். இல்லை என்று சாதிக்கவில்லை. என்னைக் கட்டிக்கொடுத்த புதிதில் என்னைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த வார்த்தை என் வாயிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. சரி, நீ மட்டும் என்ன செய்தாய்? "அண்ணி, அப்படிச் சொல்லாதீங்க" என்று டீயை டம் என்று வைத்துவிட்டு ஒரு சண்டை போட்டிருக்கலாம் அல்லவா? நமக்கென்ன சண்டை புதிதா? நான் நூல் வாங்கக் கடைக்குப் போகும் வரை காத்திருந்து, வீட்டுச் சாவியைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாய். அண்ணனுக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு ஃபோன். எனக்கு ஒரு சாவி. வாடகைக்கு இருந்தவள்கூட வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டுதான் போவாள்.

நீ கேள்விப்பட்டது சரிதான். மெஷின் உன் அறைக்குப் போய்விட்டது. காலை வெளிச்சம் அங்கேதான் விழுகிறது, என் கண் முன்னைப்போல் இல்லை. நீயாகக் காலி செய்த அறையில்தான் வைத்தேன், உன்னைத் தள்ளிவிட்டு வைக்கவில்லை.

உன் அண்ணன் சமைக்கிறேன் என்று கிளம்பி இரண்டு பாத்திரங்களைக் கரியாக்கினார். இப்போது நான்தான் பார்க்கிறேன். சட்டைகள் தேங்கி நிற்கின்றன. உப்பு டப்பாவை இரண்டு நாள் தேடினேன், ஜன்னலுக்கு மேல் பலகையில் இருக்கிறது. அங்கே யாராவது உப்பு வைப்பார்களா?

சட்டை பெரிதாக இருக்கிறது என்றாய். எத்தனை விரல் தள்ளி இருக்கிறது? தோள் இறங்குகிறதா? சும்மா புலம்பாமல் சரியாக எழுது.

அண்ணி

பி.கு.: சர்க்கரை எங்கே?

&nbsp;

ஏப்ரல் 11

அண்ணிக்கு,

சர்க்கரை, அரிசி டின்னுக்குப் பின்னால், பழைய பிஸ்கட் டப்பாவில். எறும்புக்குப் பயந்து ஒளித்து வைத்தேன். உப்பு ஜன்னல் மேல் இருந்தால்தான் நமுத்துப் போகாது. இதையெல்லாம் சும்மா இருக்கிறவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள்.

சட்டைக்கு அளவு கேட்டு எழுதியிருந்தீர்கள். வேண்டாம். கையை மடித்துவிட்டுச் சமாளிக்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு வினோதமான பொறுப்பு வந்திருக்கிறது. மரங்களில் இருந்த பெயர்ப்பலகைகளை எல்லாம் கழற்றிப் புதிதாக வர்ணம் பூச அனுப்பிவிட்டார்கள். சீசனுக்கு முன்பே வந்திருக்க வேண்டும், வரவில்லை. வருகிறவர்கள் வழியெல்லாம் கேட்கும் ஒரே கேள்வி, "இது என்ன மரம்?" எனக்கு எப்படித் தெரியும்? முதல் நாள் ஒருவரிடம் "தெரியாதுங்க" என்றேன். அது எங்கள் சூப்பர்வைசர் காதில் விழுந்துவிட்டது. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் நாங்கள் அவரை விசில் அக்கா என்போம். "பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு தெரியாதுன்னு சொல்லலாமா? என்னைக் கேளு, இல்ல தோட்டக்காரரைக் கேளு. தெரியாதுங்கற வார்த்தை மட்டும் வாயில வரக் கூடாது" என்று பிடித்துக்கொண்டார். கேட்கலாம் என்றால் தோட்டக்காரர் ஏரிக்கு அந்தப் பக்கம், விசில் அக்கா எங்கே என்று விசிலுக்கே தெரியாது.

அன்று மத்தியானம் ஒரு பெரியவர் பேரப்பிள்ளைகளோடு ஒரு பெரிய மரத்தடியில் நின்று கேட்டார். குடை மாதிரி விரிந்த மரம், சாயங்காலம் ஐந்து மணியானால் இலையையெல்லாம் மூடிக்கொண்டு தூங்கப் போய்விடுகிறது. எனக்கு வீட்டில் ஒரு ஆள் ஞாபகம் வந்தது. "அண்ணன் மரம்" என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. மறுநாள் வேறு யாரோ வந்து "அந்த அண்ணன் மரம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. காற்றடித்தால் ஊளையிடும் மெல்லிய மரம் ஒன்று உண்டு, அது விசில் மரம். இன்னும் சில இருக்கின்றன. அவை உங்களுக்கு வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் அம்மா வந்தார், சொந்தக்காரர்களோடு. ஒரு மணி நேரம் என் கூடவே நடந்தார். கடைசியில் என் கையைப் பிடித்து, "ரொம்ப நல்லாச் சொன்னீங்க, எந்த ஊர் நீங்க?" என்று கேட்டார். அவர் நம் வீட்டில் குடித்த டீ எல்லாம் நான் போட்டது அண்ணி. முகம் தெரியவில்லை. கதவு இடுக்கில் நீட்டிய கைதான் அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. நான் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

உங்கள் நாத்தனார்

&nbsp;

மே 2

ஏய் வாத்து,

'இன்னும் சில இருக்கின்றன, அவை உங்களுக்கு வேண்டாம்' என்று எழுதினாயே, அது என்ன என்று நேற்றுத் தெரிந்துவிட்டது. பல் டாக்டர் அம்மா திரைச்சீலை வாங்க வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"அங்க ஒரு பார்க். ஒரு பொண்ணு சுத்திக் காட்டினா. எனக்குச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. ஒரு மரம், உடம்பெல்லாம் முள்ளு. அதுக்குப் பேரு அண்ணி மரமாம்! 'கிட்டப் போய்ச் சாய முடியாது, குத்தும். கட்டிப்பிடிக்கவே முடியாது. ஆனா திடீர்னு மழை வந்தா எல்லாரும் ஓடி வந்து நிக்கிறது இதுக்கு அடியிலதான்' அப்படின்னா. பாவம், யாரு பெத்த பொண்ணோ, அந்த அண்ணி எப்படிப்பட்டவளோ" என்றார்.

நான் திரைச்சீலையை மடித்துக்கொண்டே இருந்தேன். 'அந்த அண்ணி நான்தான், டீ குடிக்கிறீங்களா?' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, மடித்ததையே மறுபடி மடித்தேன். அவர் போன பிறகு உன் அண்ணனிடம் சொன்னேன். அந்த மனிதர் அரை மணி நேரம் சிரித்தார். பிறகு அண்ணன் மரத்தைப் பற்றிச் சொன்னேன், அதோடு நின்றது.

முள்ளாம்! வருகிறவன் போகிறவனிடமெல்லாம் என்னை நிறுத்திக் காட்டுகிறாயா? கோபம் மூக்குக்கு மேல் வந்தது. உன் அறையில் போய் உட்கார்ந்து மெஷினை ஓட்டினேன், இரண்டு ஊசி உடைந்தது. மூன்றாவது ஊசி மாட்டியபோது அந்த மழை விஷயம் ஞாபகம் வந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன், தெரிந்துகொள்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். பச்சைச் சட்டை, உங்கள் ஆபீஸ் நிறம் எது என்று நீ உன் அண்ணனுக்கு அனுப்பிய ஃபோட்டோவில் பார்த்துத் துணி எடுத்தேன். அளவு கேட்டால் தர மாட்டாய். உன் அளவு எனக்குத் தெரியாதா? நீ வயசுக்கு வந்ததிலிருந்து உனக்குத் தைக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். பை இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று தண்ணீர் பாட்டிலுக்கு.

அண்ணி

பி.கு.: நீ டீயில் என்ன போடுவாய்? அதே தூள், அதே பால், என் கையில் அந்த ருசி வரவில்லை.

&nbsp;

ஜூன் 4

அண்ணிக்கு,

டீயில் எதுவும் போட மாட்டேன். தண்ணீர் கொதித்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தூள் போட வேண்டும். நீங்கள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவிடுவீர்கள்.

சட்டை வந்தது. மற்ற ஐந்து பேரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இடுப்பு, நீளம், கழுத்து எல்லாம் கச்சிதம். ஆனால் அண்ணி, தோளில் இறுகுகிறது. கையைத் தூக்கினால் முதுகில் தையல் முனகுகிறது. உங்கள் மேல் தப்பில்லை. தினமும் இலை வாரி வண்டி தள்ளி எனக்குத் தோள் விரிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரி இருக்கிறது. இருந்தாலும் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். வேறு யாரிடம் சொல்வேன்? என் வாய் என்னை மாட்டிவிட்டது. ஏப்ரல் கடைசியில் பள்ளி ஒன்றிலிருந்து நாற்பது பிள்ளைகளை ஒரு டீச்சர் அழைத்து வந்திருந்தார். பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தன. பெயர்ப்பலகை அப்போதும் வரவில்லை. விளையாட்டுக்கு எழுதுகின்றன என்று நினைத்தேன். அது பாடமாம். பள்ளியில் கண்காட்சி வைத்து, பெரிய அட்டையில் இலைகளை ஒட்டி, கீழே அழகான கையெழுத்தில் அண்ணன் மரம், அண்ணி மரம், விசில் மரம் என்று எழுதி மாட்டிவிட்டார்கள். பார்க்க வந்த விருந்தாளிகள் முன்னால் தலைமையாசிரியர் அதை வாய்விட்டுப் படித்திருக்கிறார். டீச்சருக்கு மானம் போய்விட்டது. பூங்கா ஆபீஸுக்குப் புகார் எழுதிவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

விசில் அக்கா என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். "தெரியாதுன்னு சொல்லாதேன்னேன். பொய் சொல்லுன்னா சொன்னேன்?" என்றார். விசில் மரம் என்பது யார் என்று அவர் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொண்டார். இப்போது என்னை வருகிறவர்கள் பக்கமே விடுவதில்லை. கழிப்பறை கழுவுகிறேன், உரக்குழி கிளறுகிறேன். மேலிடத்தில் என்ன முடிவு செய்வார்கள் என்று தெரியாது. நடுவிலேயே அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

அண்ணி, எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நான் பேசினால் நாலு பேர் நின்று கேட்கிறார்கள் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. இது போனால் நான் மறுபடி கதவுக்குப் பின்னால்தான். அந்தக் கதவுக்குப் பின்னாலும் இப்போது மெஷின் இருக்கிறது.

வாத்து

&nbsp;

ஜூன் 10

வாத்து,

உன் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன், அடுப்பில் வேலை இருக்கிறது.

தப்பாகத் தைத்த சட்டையை நான் என்ன செய்வேன்? வாடிக்கையாளரிடம் அழுவேனா? மெஷின் மேல் பழி போடுவேனா? உட்கார்ந்து தையலைப் பிரிப்பேன். ஒவ்வொன்றாக. பிரிக்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும், தைக்க ஆன நேரத்தைப் போல் மூன்று மடங்கு ஆகும். துணி மட்டும் கிழியக் கூடாது. பிறகு சரியாகத் தைப்பேன்.

நீ உரக்குழியைக் கிளறிக்கொண்டு மேலிடம் என்ன சொல்லும் என்று வானத்தைப் பார்த்தால் ஆகாது. அந்தப் பள்ளிக்கு நீயே போ. யாரும் அனுப்பும் வரை நிற்காதே. டீச்சரைப் பார். தப்பு என்னுடையது என்று அந்தப் பிள்ளைகள் எதிரில் சொல். சரியான பெயரை முதலில் நீ கற்றுக்கொண்டு போ. பாதி தெரிந்துகொண்டு போய் மறுபடி அண்ணி, நாத்தனார் என்று உளறி வைக்காதே.

தோள் விரிந்தால் விரியட்டும். உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன். முதுகுத் தையலை நீயே பிரித்து வெளியே எடு. தெரியாவிட்டால் விட்டுவிடு, வேறு ஆளிடம் கொடுத்துக் கெடுக்காதே.

அடுப்பை அணைத்துவிட்டுத் தூள் போட்டேன். உன் அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "வாத்து வந்துட்டாளா?" என்று அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

அண்ணி

&nbsp;

ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

நிரப்பிவிட்டேன், பாருங்கள்.

போனேன். முதலில் தோட்டக்காரர் பின்னாலேயே மூன்று வாரம் அலைந்தேன். வேலை முடிந்ததும் ஒவ்வொரு மரமாக நின்று, பட்டையைத் தடவி, இலையைக் கசக்கி முகர்ந்து, பெயரை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் படித்தேன். பள்ளியில் படித்தபோது இவ்வளவு படித்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். நடுவில் பெயர்ப்பலகைகளும் வந்து சேர்ந்தன. அண்ணன் மரத்தின் உண்மைப் பெயர் என்ன தெரியுமா? தூங்குமூஞ்சி மரம். சத்தியமாக. பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்த ஒன்றில் நான் அதிகம் தவறவில்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

விசில் மரம் சவுக்கு. உங்களுடையது முள்ளிலவு.

லீவு கேட்டபோது விசில் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க போறே?" என்றார். சொன்னேன். கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை நான் கிளம்பும்போது கதவருகே நின்றிருந்தார், அவரும் வந்தார். வழியில் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

பிள்ளைகள் எதிரில் போய் நின்றேன். "நான் சொன்னது தப்பு. எனக்குப் பேர் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு நானா பேர் வெச்சேன்" என்றேன். டீச்சர் முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு கொண்டுபோன இலைகளையும் காய்களையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். "தெரியலீங்க, கேட்டுச் சொல்றேன்" என்று சொன்னேன். விசில் அக்கா பின்னாலிருந்து தலையாட்டினார்.

கடைசியில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "அப்ப அண்ணின்னு யாரும் இல்லையா?" என்று கேட்டாள். குரலில் அவ்வளவு வருத்தம். "இருக்காங்க. அவங்க மரம் இல்ல, என்னோட அண்ணி. இந்தச் சட்டை அவங்க தெச்சதுதான்" என்றேன். திரும்பி நின்று காட்டச் சொன்னார்கள். காட்டினேன். டீச்சர் அப்போதுதான் சிரித்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அடுத்த வகுப்பையும் அழைத்து வருவதாகச் சொன்னார்.

என்னை மறுபடி மரங்கள் பக்கம் விட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் மூன்று மாதம் பூங்காவின் பெரும்பகுதியை மூடிவிடுவார்கள். டிசம்பரில் திறக்கும்போது திரும்பக் கூப்பிடும் ஆட்களில் நானும் உண்டு என்று விசில் அக்கா சொன்னார். சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், நான் அழுவேன் என்று பயம் போல. அழுதேன்தான்.

இப்போது இந்த மூன்று மாதம்தான் கேள்வி. எங்கள் ஓட்டு வீட்டைப் பூட்டிவிடுவார்கள். கூட இருப்பவள் ஒருத்தி தன் அக்கா வீட்டுக்கு வரச் சொல்கிறாள். கேட்கவே கூடாது என்று வீம்பாக இருந்தேன். கேட்டுவிடுகிறேன். வரட்டுமா அண்ணி?

வாத்து

&nbsp;

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாதம் பதில் இல்லை. எனக்கு என்னென்னவோ நினைப்பு. கூட இருப்பவளிடம் "சரி, உங்க அக்கா வீட்டுக்கே வர்றேன்" என்று சொல்லிக்கூட விட்டேன். நீங்கள் என்னடா என்றால் முந்தாநாள் சனிக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வருகிறீர்கள்! கடைசி வரிசையில், வெயிலே இல்லாத நாளில் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு அம்மா வருகிறாரே, யாரோ கூச்சக்காரர் என்று நினைத்தேன்.

அந்த மரத்தடிக்கு வந்து, "இது முள்ளிலவு. மார்ச்ல வந்தீங்கன்னா இலையே இல்லாம சிவப்பாப் பூத்து நிக்கும்" என்று சொல்லி முடிக்கவில்லை, குடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏம்மா, இதுக்கு வேற ஒரு பேரு இருக்குன்னாங்களே?"

குடையை மடக்கினீர்கள். ஊர்பேர் தெரியாத முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, "திரும்பு" என்றீர்கள். நானும் திரும்பினேன். தோளை அளந்து, "அட, ரெண்டு இஞ்சு" என்று உங்களுக்குள் சொல்லிக்கொண்டீர்கள். யாரோ கை தட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் அந்த மரத்தடியிலேயே ஒதுங்கினோம். நீங்கள் அடிமரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன்.

கேன்டீனில் டீ குடித்தோம். அண்ணனின் ரத்த அழுத்தம், பல் டாக்டர் வீட்டுத் திரைச்சீலை, ஊசி விலை, எல்லாம் பேசினீர்கள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. கடைசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக "கழுத்துல வியர்வையோட நிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இன்னும் பத்து நாளில் இங்கே பூட்டுகிறார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் எழுதுவேன்.

வாத்து

&nbsp;

ஆகஸ்ட் 24

அன்புள்ள வாத்து,

காஜாவும் எடுத்தாகிவிட்டது.

அங்கேயே சொல்லத்தான் வந்தேன். காலையில் பஸ் ஏறும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உன்னை நேரில் பார்த்ததும் வாய் அடைத்துவிட்டது. பச்சைச் சட்டையும் நீயுமாக நடுவில் நின்று பேசுகிறாய், முப்பது பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். இத்தனை வருஷம் நம் வீட்டு அடுப்படியில் இருந்தது இவளா என்று இருந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அளவெடுத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர் கொடுத்தாள்.

மெஷின் உன் அறையில்தான் இருக்கும். அதை நகர்த்த மாட்டேன், எனக்கு அந்த வெளிச்சம் வேண்டும். ஆனால் உன் கட்டிலையும் நான் நகர்த்தவில்லை. முதல் வாரமே உன் அண்ணன், "இதைப் பிரிச்சு மாடியில போட்டுடட்டுமா, உனக்கு இடம் கிடைக்கும்" என்று கேட்டார். "கை வெச்சீங்கன்னா பாருங்க" என்றேன். மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஆறு மாதமாகப் பக்கவாட்டில் நடக்கிறேன். தினம் ஒரு தடவை இடுப்பில் இடித்துக்கொள்கிறேன். உன்னைத் திட்டிக்கொண்டே இடித்துக்கொள்கிறேன். இந்த லட்சணத்தில் நீ வரட்டுமா என்று கேட்கிறாய். அந்த அக்கா வீட்டுக்காரியிடம், எங்கள் அண்ணி விட மாட்டார் என்று சொல்லிவிடு.

புதுச் சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன், தோள் சரியாக இருக்கும். சின்னப் பையில் சாவி இருக்கிறது. துவைக்கப் போடும் முன் எடுத்துக்கொள்.

இன்னொன்று. அடுப்படிப் பக்கம் வராதே. எது எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் எனக்குப் பிடிபட்டிருக்கிறது, நீ வந்து மாற்றி வைத்தால் மறுபடி முதலிலிருந்து தேட முடியாது. உன் அண்ணனும் இரண்டு வேளை சமைக்கக் கற்றுக்கொண்டார், வாயில் வைக்கலாம். பொத்தான் வைக்க ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறேன்.

அடுத்த மாதம் பல் டாக்டர் அம்மா தலையணை உறை தைக்க வருகிறார். வந்தால் கேட்பார், அவர் கேட்காமல் இருக்க மாட்டார். அப்போது நீ கூடத்தில், ஜன்னல் ஓர நாற்காலியில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். டீயை நான் போட்டு எடுத்து வருவேன், உனக்கும் சேர்த்து. உன் முகத்தை அவர் நன்றாகப் பார்க்கட்டும். பார்த்து முடித்த பிறகு நான் சொல்வேன்: "என் நாத்தனார். பார்க்ல வேலை பார்க்கறா, டிசம்பர்ல திரும்பப் போறா. இப்ப லீவு. வீட்டுல சும்மாதான் இருக்கா."

அண்ணி